சரி சார் சொன்ன பதினோரு வேணாம்

உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் அத்தான் என்று அவரிடமே போய்ச் சொன்னேன். "சரி" என்றார். அவரிடமிருந்து வேறு பதிலே வராது. அக்காவைக் கட்டிக்கொண்ட இந்த ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷன் இன்னொரு மனுஷனைப் பார்த்து "முடியாது" என்றோ "மாட்டேன்" என்றோ "வேணாம்" என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கேட்டதில்லை.

ஆபீஸில் அவருக்குப் பேரே "சரி சார்"தான். பஸ் கம்பெனியில், அட்டவணைப் பிரிவில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்த டிரைவர் எதை ஓட்டணும் என்று கம்ப்யூட்டரில் பட்டை பட்டையாக அடுக்கி வைப்பார். ஒரு பஸ்ஸுக்கு ஒரு பட்டை. ஒரே டிரைவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பஸ் விழுந்துவிட்டால் பட்டை சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் அத்தானுக்குச் சோறு இறங்காது. வேலையில் அப்படி ஒரு சுத்தம். ஆனால் ஆள் என்று ஒருத்தர் எதிரில் வந்து நின்று எதையாவது கேட்டுவிட்டால் போச்சு.

இரண்டு உதாரணம் சொல்கிறேன், மூன்றாவது சொன்னால் எனக்கே ரத்தம் கொதிக்கும். எதிர்வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறேன், ஒரு வாரம் இந்தக் கிளியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் சரி என்றார். அது ஆச்சு இரண்டு வருஷம். எதிர்வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்து, வீட்டைக் காலி பண்ணி, வேறு தெருவுக்கே போய்விட்டார். கிளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இன்னொன்று, முடிதிருத்தும் கடைக்காரர் வேலை முடிந்த சந்தோஷத்தில், மீசையை எடுத்துடலாமா என்று சும்மா கேட்டிருக்கிறார். இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அவர் பெற்ற பிள்ளைகளே வீல் என்று கத்தி அக்கா பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். மீசை திரும்ப முளைக்கும்வரை அவர்களுக்குச் சோறூட்டினது நான்.

நான் கீழ்வீட்டில் இருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் போடுகிற வேலை. கம்ப்யூட்டரில் டோக்கன் அடிக்கிறேன் என்ற ஒரே தகுதியில் எங்கள் குடும்பத்துக்கே நான்தான் கம்ப்யூட்டர் நிபுணி. அக்கா பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர்களைக் காலை மடக்கு, கையைத் தூக்கு என்று அதட்டிப் பழகிய குரல். அந்தக் குரலுக்கும் அத்தானின் "சரி"க்கும் பொருத்தம் பார்த்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

பிள்ளைகள் இரட்டை. இரண்டும் பெண். ஒரு வயது ஒன்பது மாசம். ஏழு நிமிஷம் முன்னால் பிறந்தவளுக்கு நான் வைத்த பேர் ரேடியோ. கண் திறந்ததிலிருந்து மூடும்வரை ஏதாவது ஒரு நிலையம் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் பிறந்தவள் ஜட்ஜம்மா. பேச்சே கிடையாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பாள், நாம் செய்தது தப்பு என்று நமக்கே தோன்றிவிடும். அம்மா இல்லை, அப்பா இல்லை, சித்தி இல்லை, ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும், பொறுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் அதற்கும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிறதுக்கு முன்னால், "இன்னிக்கு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்பார். இல்லை என்போம். முகம் லேசாக விழும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மேலாளர் கூப்பிட்டு, எல்லா டிப்போவுக்கும் நேரில் போய் இந்த அட்டவணை வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள், அதிகமில்லை, ஒரு ஆறு மாசம், திங்கட்கிழமை கிளம்பினால் போதும் என்றிருக்கிறார். நம்ம ஆள் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா ஆடிய ஆட்டத்தில் கிளி கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்கியது. நானும் என் பங்குக்கு ஆடினேன். ஆறு மாசம் இவர் இல்லையென்றால் ரேடியோவை யார் தூக்கிக்கொண்டு திரிவது, நான்தானே. அத்தான் ஜட்ஜம்மாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "நான் இல்லாதப்போ இவ பேசிட்டா என்ன பண்றது?" என்றார். அதற்கு அப்புறம் எங்களுக்கு ஆட மனசு வரவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போய், போக மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல், வேறு ஒரு வழி கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் திரையில் வேலை செய்கிறதை அப்படியே குரலோடு பதிவு பண்ணி, ஐந்து பாகமாகப் பாடம் மாதிரி அனுப்பினால் போதுமா சார் என்று. மேலாளர் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை பஸ் ஏறுங்கள் என்றாராம். ஆபீஸிலேயே ஒரு பதிவு மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, சோதித்துப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது என்று சிரித்துக்கொண்டே புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வந்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டிலிருந்தே வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் லீவு போட்டேன்.

இனி வருவது அக்காவுக்கே தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தான் குளிக்கப் போயிருந்தார். மேஜையில் மடிக்கணினி சும்மாதானே இருக்கிறது என்று எடுத்து இணையக் கடையில் ஒரு செருப்பு பார்த்தேன். நல்ல செருப்பு. வார் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனால், சரியாக அந்த வார் மேலேயே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு தயார், இப்போதே புதுப்பிக்கலாமா என்று கேட்டது. குறுக்கே வந்து நிற்கிற எதையும் எனக்குப் பிடிக்காது. ஆகட்டும் என்பதை அமுக்கினேன். செருப்பு போச்சு, திரை கறுத்தது, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது. இன்னும் நாற்பது நிமிஷம் என்றது. நான் மூடியைப் பாதி சாய்த்து வைத்துவிட்டு, கீழே பால் பொங்குது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

ராத்திரி அக்கா பார்த்துவிட்டு அவரைத்தான் பிடித்தாளாம். "நீங்கதானே அமுக்கினீங்க?" என்றிருக்கிறாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரி, நானாத்தான் இருக்கும்" என்றாராம். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது சொல்லுங்கள். என் பழியைக்கூட மறுக்கத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு ஆரம்பம். அத்தான் சட்டை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜட்ஜம்மாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் மடியில் இருந்தால் பிரச்சினை இல்லை, அவள்தான் வாயே திறக்க மாட்டாளே. ரேடியோவை நான் அடுத்த அறைக்குக் கடத்திக்கொண்டு போனேன். பன்னிரண்டு நிமிஷம் அருமையாகப் பேசினார். முடிந்ததும் ஜட்ஜம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்.

குரல் இருந்தது. பட்டைகள் இல்லை. அட்டவணை இல்லை. ஒரு பஸ்கூட இல்லை. திரையில் பின்னணிப் படமாக அவர் வைத்திருந்த பிள்ளைகளின் பழைய போட்டோ மட்டும் முழுசாக இருந்தது. அந்த போட்டோ மேல் அம்புக்குறி அங்கும் இங்கும் போய்வந்தது. அத்தான் குரல் சொல்கிறது, "இங்க ஒரு இடைவெளி தெரியுது பாருங்க, இதை நாமதான் நிரப்பணும்." அம்புக்குறி ரேடியோவின் பல்லில்லாத ஈறில் நிற்கிறது. "இதை அமுக்கினா கீழ ஒரு வரிசை திறக்கும்" என்று ஜட்ஜம்மாவின் மூக்கை அமுக்குகிறது. அவள் போட்டோவிலும் நம்மைத் தப்பு செய்தவர்களாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் ரொம்ப நெரிசலா இருக்கு, ரெண்டை எடுத்துடலாம்" என்றபோது அம்புக்குறி ரேடியோவின் தலைமுடியில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தான் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

நிபுணி களத்தில் இறங்கினாள். முதலில் அணைத்துப் போட்டேன். மறுபடியும் பதிவு, மறுபடியும் போட்டோ. அந்தப் போட்டோதான் அட்டவணையை மறைக்கிறது என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு வெறும் நீல நிறம் வைத்தேன். இந்தத் தடவை பன்னிரண்டு நிமிஷம் வெறும் நீலம் பதிவானது. அத்தான் பாவமாக, "படமே இருக்கட்டும்மா, அதுல பாக்கறதுக்கு ஏதாவது இருந்துச்சு" என்றார். திரும்ப வைத்தேன். பிறகு பக்கவாட்டு ஓட்டைகளில் ஊதித் தூசி எடுத்தேன். தூசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எங்கள் கிளினிக்கில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் செய்வோம். கிளிக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

மத்தியானம் பதிவு மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். அது திறக்கிற நேரம் பார்த்து ரேடியோ சார்ஜர் ஒயரை வாயில் வைத்துக்கொண்டாள், நான் ஓடினேன். பின்னால் அத்தான், "வேணாம்" என்று முனகியது காதில் விழுந்தது. பரவாயில்லையே, பெற்ற பிள்ளையிடமாவது வேணாம் சொல்லப் பழகிவிட்டாரே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும். அன்றைக்கு அந்த முனகலை நான் குறைந்தது நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் மெச்சினேன்.

நேரடியாகவும் கேட்டேன். "அத்தான், கம்ப்யூட்டர் உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா?" என்றேன். மனுஷன் நெஞ்சில் கை வைத்து, "புதுசா ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள். அதனால் அந்தப் பக்கம் நான் மேற்கொண்டு பார்க்கவே இல்லை.

அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டோம். எடுத்தவர் அணைத்துப் போடுங்கள் என்றார். போட்டோம் என்றேன். இன்னொரு தடவை போடுங்கள் என்றார். போட்டோம் என்றேன், போடாமலே. அப்படியென்றால் இங்கே கொண்டு வந்து கொடுங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை இவரே பஸ்ஸில் இருப்பார் என்று நான் கத்தினதில் எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். இணையத்தில் இதற்கு விளக்கம் சொல்கிற ஒரு வீடியோ கிடைத்தது. அந்தப் புண்ணியவான் எட்டு நிமிஷம் வணக்கம் சொன்னார், அப்புறம் செட்டிங்ஸில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்புகிறதுக்கு முன்னால், இதுக்குப் போய் இவ்வளவு பாடா, போனில் திரையைப் படம் எடுத்தால் ஆச்சு என்று அவளே எடுத்தாள். திரை பட்டையாக மினுங்கியது. அது போகட்டும் என்றால், கண்ணாடித் திரையில் அத்தான் பனியனோடு உட்கார்ந்திருப்பதும், அவர் முதுகில் ரேடியோ ஏறுவதும், பின்னால் கிளிக்கூண்டும், அட்டவணையைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. இதை அனுப்பினால் ஆறு மாசத்துக்குப் பதில் ஒரு வருஷம் அனுப்புவார்கள் என்றேன். அக்கா கிளம்பினாள். படியில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதட்டுகிறவர்கள் அழுதால் எனக்குப் பயமாகிவிடும்.

மத்தியானம் இரண்டு மணி. ரேடியோ அதிசயமாகத் தூங்கிவிட்டாள். அத்தான் ஒரு பையை எடுத்து வைத்து, அதில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்திருந்தார். பைக்குள்ளேயும் பட்டை பட்டையாகத்தான் அடுக்கியிருந்தார். கடைசியாக ஒரு தடவை என் எதிரில் போடுங்கள் அத்தான் என்று கெஞ்சினேன். சரி என்று உட்கார்ந்தார். ஜட்ஜம்மா அவர் மடியில். நான் அவர் முதுகுக்குப் பின்னால், வேலை எதுவும் இல்லாமல், இரண்டு நாளில் முதல் முறையாகத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மென்பொருள் திறந்தது. ஒரு பெட்டி வந்தது. நான் ஒரு எழுத்து படிக்கிறதுக்குள் அத்தான் விரல் போய், "வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அதை அமுக்கியது. பெட்டி போய்விட்டது.

"இப்ப என்னமோ ஒண்ணு வந்துச்சே," என்றேன்.

"அதுவா? அது எப்பவும் வரும். வேணாம் குடுத்துடுவேன்."

"எப்பவும்னா?"

"நேத்து காலையிலேருந்து. இதோட பதினோரு தடவை," என்றார். அட்டவணைக்காரர் இல்லையா, கணக்கு தப்பவே தப்பாது.

எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும். மென்பொருளை மூடித் திரும்பத் திறந்தேன். பெட்டி வந்தது. அவர் விரல் போவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மென்பொருள் உங்கள் திரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்கிறது, அனுமதிக்கலாமா என்று அழகாக, மரியாதையாக, தெளிவாகக் கேட்டிருந்தது. பழைய பதிப்பில் கேட்காமலே பதிவு பண்ணியது. நான் புதுப்பித்துவிட்ட பதிப்பு ஒழுங்கானது, கேட்டுத்தான் பண்ணும். பாவம், பதினோரு தடவை கேட்டிருக்கிறது. பதினோரு தடவையும், உலகத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஒரு மனுஷன், அதற்கு மட்டும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

ஏன் அத்தான் ஏன் என்று கேட்டால், உங்க அக்காதான் சொன்னா என்கிறார்.

உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர் போனில் வந்த பெட்டிக்கெல்லாம் சரி சரி என்று கொடுத்து, அது காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏதோ ஒரு பனிப்பிரதேசத்தின் வானிலையைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தது. இன்று கடும் பனிப்பொழிவு, வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று கத்தும். எத்தனை அழித்தாலும் போகவில்லை. அக்கா அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் வேணாம் என்று கொடுங்கள், படிக்கக்கூட வேண்டாம். அவர் சரி என்றார். சொன்னால் சொன்னதுதான். மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லியே அமுக்கியிருக்கிறார்.

ஆக, பெட்டியைக் கிளப்பியவள் நான், சட்டம் போட்டவள் அக்கா, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூட்டை கட்டியவர் அவர். நான் செய்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அனுமதின்னு இருக்கறதை அமுக்குங்க அத்தான்."

விரல் போகிறது, நிற்கிறது. "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே," என்றார்.

போன் போட்டார், தலையெழுத்தே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா யாருடைய முழங்காலையோ மடக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மணி இரண்டு பத்து. கடைசியில் நான் அக்கா குரலில், "அமுக்குங்க!" என்று ஒரு அதட்டல் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிவிட்டார்.

ஒரு நிமிஷம் சோதனை ஓட்டினோம். பட்டைகள் வந்தன. பஸ்கள் வந்தன. பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பார்த்து நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை, ஐந்து பாகம் இருக்கிறது. எழுந்துவிட்ட ரேடியோவை நான் கீழே என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திரங்களைத் தட்டவிட்டேன். ஜட்ஜம்மா அப்பா மடியைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். ஒவ்வொரு பாகம் முடியும்போதும் மேலே போய் எட்டிப் பார்ப்பேன், அத்தான் விரலைக் காட்டுவார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது நாலரைக்கு முடிந்திருக்க வேண்டும். நாலே முக்காலுக்குத்தான் கதவு திறந்தது. அத்தான் அழுதிருந்தார். போச்சு, மறுபடியும் போட்டோ என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாவது பாகத்தைப் போட்டுக் காட்டினார். ஒன்பது நிமிஷம் வரைக்கும் ஒழுங்காகப் போகிறது. அங்கே அத்தான், பாடம் கேட்கிறவர்களை யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு கேள்வி போடுகிறார். "இப்ப இந்தப் பதினாலாம் நம்பரை ஆறு மணிக்கு முன்னாடி விடலாமா?"

"வேணாம்," என்கிறது ஒரு சின்னக் குரல்.

அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நெடுநேரம் கழித்து அத்தான் குரல், "என்னடா சொன்ன?" என்று கேட்கிறது.

"வேணாம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, உடைந்த குரலில் பாடம் தொடர்கிறது. "பாப்பா சொல்றது சரிதாங்க. விடக்கூடாது. ஏன்னா ஆறு மணிக்கு அந்த பஸ் டிப்போவுக்கே வந்திருக்காது."

இரண்டு நாள் அவர் மடியில் உட்கார்ந்து, விரல் போகிறதையும் அந்தச் சொல் வருகிறதையும் பதினோரு தடவை பார்த்திருக்கிறாள். தீர்ப்பு எழுத அவ்வளவு போதும் போலிருக்கிறது. நான் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பப் பதிவு பண்ண நேரமில்லை, அத்தானுக்கு மனசும் இல்லை. அப்படியே அனுப்பினோம். மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஐந்தே காலுக்கு மேலாளர் கூப்பிட்டார். மடியில் பிள்ளை இருந்ததால் அத்தான் போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டார். அப்போதுதான் அக்கா வேலைக்குப் போன உடையோடு படியேறி வந்து கதவில் நின்றாள். மேலாளர் இனிக்க இனிக்கப் பேசினார். முதல் பாகம் பார்த்தேன், பிரமாதம், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. பிறகு ஆரம்பித்தார். இருந்தாலும் நேரில் ஒரு ஆள் போனால் அந்த மரியாதையே வேறு, ஆறு மாசம்கூட வேண்டாம், ஒரு நாலு மாசம், போய்விட்டு வந்துவிடுங்களேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். என்ன பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியாதா. ஒன்பது வருஷமாகக் கேட்கிறோம். அத்தான் உதடு பிரிந்தது. அந்தச் "ச" வருவதற்கு உண்டான மாதிரியேதான் பிரிந்தது. மடியில் இருந்தவளைக் குனிந்து பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"வேணாம் சார்," என்றார்.

"என்னது?"

"வேணாம் சார். நான் போகல. எங்க சின்னவ இன்னிக்குத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. நான் வீட்ல இருக்கணும்."

அவரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தையை அந்த ஆபீஸ் கேட்டதில்லை. கடைசியில் மேலாளர் சொன்னார்.

"சரி."

போனை வைத்ததும் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு விசும்பினாள், பிறகு பையிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். ரேடியோ நடுவில் புகுந்து செய்தி வாசித்தாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். இதுதான் சமயம், செருப்புக் கதையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

அப்போது மேஜையில் டிங் என்று ஒரு சத்தம். மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரு பெட்டி. இயங்குதளத்துக்கு இன்னொரு புதிய பதிப்பு தயார், இப்போதே புதுப்பிக்கலாமா என்று கேட்டது.

"வேணாம்," என்றார் அத்தான். "வேணாம்," என்றாள் அக்கா. மடியிலிருந்து மூன்றாவதாகவும் ஒரு "வேணாம்" வந்தது, வந்ததோடு ஜட்ஜம்மா மெல்லத் தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.